மஞ்சள் பட்ட கையுறை

எஸ்தருக்கும் உனக்கும் கல்யாணமாகிப் பத்தாவது நாள் நீ போனில் ஒன்று கேட்டாய். "எஸ்தர் நம்ம தெருப் பொண்ணா இருந்திருந்தா, நலங்குக்குக் கையில க்ளவுஸ் மாட்டிக்கினு வந்திருப்பியாம்மா?" பதிலுக்குக் காத்திருந்தாய். உன் பக்கத்தில் ஏதோ பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிந்த பிறகும் நான் பேசவில்லை. நீ போனை வைத்துவிட்டாய். ஐந்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ அப்பாவின் எண்ணுக்குத்தான் பேசுகிறாய். பேசி முடிக்கும்போது "அம்மா எப்டி இருக்குது" என்று கேட்பதாக அவர் சொல்கிறார். நிஜமாகவே கேட்கிறாயா, என்மேல் இரக்கப்பட்டு அவராகச் சேர்த்துக்கொள்கிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. உன் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் விடை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில் விடை இருக்கும் என்று நீ தேடிக்கொண்டு படிக்க வேண்டாம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. எஸ்தரின் அம்மா என்னையும் அப்பாவையும் ஓரிக்கையில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் இன்று ராத்திரியே அங்கே வந்துவிடுகிறீர்களாம். எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். நீ பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தபோதுகூட நான் சொன்னது "கணக்குல ஏன் ரெண்டு போச்சு" என்பதுதான். சந்தோஷம் இல்லாமல் அல்ல. உள்ளே இருப்பது வாய்க்கு வரும்போது என்னிடம் அப்படித்தான் மாறிவிடுகிறது. அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன். உன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது ஒரு வியாதியைப் பற்றி. போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. நானும் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருந்தது. கல்லீரலைப் பிடிக்கும் வைரஸ். பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். மேல்சோதனைகளைப் பார்த்த டாக்டர், "எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களாம்மா?" என்று கேட்டார். ஒரே ஒருமுறை. நீ பிறந்த அன்று. நீ வெளியே வந்த பிறகு எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஏற்றும் ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடும் வழக்கம் அப்போது எங்கும் பரவியிருக்கவில்லை. அதிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பல் பிடுங்கிய இடமாக இருக்கலாம், ஏதோ ஊசியாக இருக்கலாம். வேதியியல் படித்த எனக்கு அந்த 'இருக்கலாம்' பிடித்திருந்தது. ஆனால் உனக்குச் சொன்னால் நீ அதை 'இருக்கலாம்' என்று எடுத்துக்கொள்ள மாட்டாய் என்றும் தெரியும். ஏழு வயதில் தெருநாய்க்குட்டி ஒன்று ஆட்டோவில் அடிபட்டபோது, நீ அதற்குப் பிஸ்கெட் போட்டதால்தான் அது தெருவைத் தாண்டியது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன் நீ. அதனால் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன். உன் மனம் போகப்போகிற திசை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகாதே. அந்த ரத்தம் ஏற்றாமல் இருந்திருந்தால் நான் அன்றே போயிருப்பேன். இருபத்தைந்து வருடம் உன்னைப் பார்த்துக்கொண்டு இருந்ததற்கு மூன்று மாத மாத்திரை ஒன்றும் பெரிய விலை அல்ல. இன்னொன்று: நீயும் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அன்றே சொன்னார். அப்பாவுக்குப் பார்த்தாயிற்று, இல்லை. உனக்கும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் ஒரு வருடமாக இதை உன்னிடமிருந்து மறைத்தது என் தவறு. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன் உடம்பைப் பற்றிய ஒரு செய்தியை நானே பிடித்து வைத்துக்கொண்டேன்.

மாத்திரை ஆவணியில் தொடங்கியது. தினம் ஒன்று, காலைப் பலகாரத்தோடு. நீ வீட்டுக்கு வந்த ஞாயிறுகளில் "இன்னாம்மா மாத்திரை?" என்று கேட்டாய், "சத்து மாத்திரை" என்றேன். "எனக்கும் ஒண்ணு குடு" என்று கை நீட்டினாய். டப்பாவை இழுத்துக்கொண்ட வேகத்தில் தேங்காய்ச் சட்னி உன் சட்டையில் கொட்டியது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது மாதம் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் மணிக்கட்டின் உள்பக்கம், பிறகு முன்கை, பிறகு கணுக்கால். ஊதா நிறத்தில், தட்டையாக, உளுந்தைப் பாதியாக உடைத்து ஒட்டி வைத்த மாதிரி தடிப்புகள். சின்ன வயதில் பேருந்தில் நீ என் முன்கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய். இறங்கும் இடம் வந்தும் விடமாட்டாய், உன் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கும். சரியாக அந்த இடத்தில்தான். மாத்திரை முடிந்தால் அரிப்பும் போய்விடும் என்றார் கல்லீரல் டாக்டர். ஐப்பசியில் மாத்திரை முடிந்தது. மூன்று மாதம் கழித்துத் தை மாதத்தில் எடுத்த சோதனையில் கிருமி இல்லை. "க்ளீன்மா. நீங்க குணமாயிட்டீங்க" என்று டாக்டர் எழுந்து கைகொடுத்தார். அந்தக் கையைக் குலுக்கும்போதே எனக்கு மணிக்கட்டு அரித்துக்கொண்டிருந்தது.

குணமான பிறகு வரும் வியாதியை யாரிடம் சொல்வது? உயிரைக் காப்பாற்றியவரிடம் போய்த் தோல் அரிக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் நானே ஆராய்ந்தேன். ஒரு வாரம் சோப்பை நிறுத்தினேன். அடுத்த வாரம் கத்திரிக்காயை நிறுத்தினேன். அதற்கடுத்த வாரம் பட்டுத் துணியைத் தொடுவதை நிறுத்தினேன். தறி இருக்கிற வீட்டில் அது எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். எதை நிறுத்தினாலும் அரித்தது. எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியபோதும் அதே அளவுதான் அரித்தது. உன் சித்தி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொண்டுவந்து, "ஒரு வாட்டி போடுக்கா, காலேஜ்ல படிச்சதெல்லாம் கொஞ்சம் ஓரம் கட்டு" என்றாள். போட்டேன். தோல் வெடித்து விரலிடுக்குகளில் நீர் வடிந்தது. அப்பா தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைத்தபடி, "பட்டுப்புழு கூட நாலு வாட்டிதாம்மா தோலுரிக்கும், நீ அஞ்சாவது வாட்டிக்கு வந்துட்ட" என்றார். சிரித்தேன். ராத்திரி அரிப்போடு படுத்திருக்கும்போது சிரிப்பு வராது. அது வேறு கதை.

என் வேலை என்னவென்று நீ நண்பர்களிடம் சொல்லும்போது "அம்மா ஜரிகைய டெஸ்ட் பண்ணுது" என்பாய். அதேதான். சேலையைக் கொண்டுவருகிறார்கள், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று இயந்திரம் சொல்கிறது, அதை நான் சொல்கிறேன். சிலர் அழுவார்கள். ஆறுதல் சொல்வது என் வேலையில் சேராது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சேலையைப் பிரிக்கும்போது வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வோம். வெறும் கை வியர்வை பட்டால் வெள்ளி கறுக்கும். விலை உயர்ந்ததைத் தொடும்போது கையுறை போடுவது எனக்கு இருபது வருடப் பழக்கம். மார்கழியில் ஒருநாள் ஒரு அம்மாள் மகளின் முகூர்த்தப் புடவையோடு வந்தார். அன்று நான் இன்னும் கையுறை போட்டிருக்கவில்லை. என் கையைப் பார்த்தார். மேசைமேல் பாதி பிரிந்திருந்த புடவையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்புறமா வர்றேன்மா" என்று போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அலுவலகத்தில் கையுறையைக் கழற்றுவதை விட்டுவிட்டேன்.

இதைச் சொல்லி, எஸ்தர் வீட்டார் சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாகப் பட்டது எனக்கும் புரிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. என் கதை ஒரு மேசையில் ஒரு நிமிடம் நடந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவளாக இருந்தும் நலங்குக்கு நான் அப்படிப் போனேன் என்பதுதான் என்னை அரிக்கிறது.

எஸ்தர் வீட்டில் நலங்கு வைத்த அன்று நீ அங்கே இல்லை. மாப்பிள்ளை வரக்கூடாது என்று வீட்டில் நிறுத்திவிட்டோம். நடந்ததை நீ வீடியோவில்தான் பார்த்தாய்; வீடியோவில் தெரியாததைச் சொல்கிறேன். என் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் பட்டால் எரியும். அதைவிட, அந்தத் தடிப்பு தொற்றுகிறதா இல்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வைரஸ் தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோலைப் பற்றி நான் அவரிடம் கேட்கவே இல்லையே. கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் அந்தக் கையை வைக்கப் பயமாக இருந்தது. கைப்பையில் புதுக் கையுறை ஒரு ஜோடி இருந்தது. மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் நான் செய்வது மிகுந்த மரியாதையான காரியம் என்று எனக்குத் தோன்றியது.

எஸ்தரின் அம்மா, "வாங்கம்மா, நீங்கதான் மொதல்ல வெக்கணும்" என்று தட்டை நீட்டினார். என் கையைப் பார்த்ததும் தட்டு ஒரு அங்குலம் பின்னால் போய் மறுபடி வந்தது. பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "இன்னாம்மா இது, ஆப்பரேஷனா பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நடுவில் நின்றுபோனது. எஸ்தரின் அப்பா பந்தல் கால் ஒன்றை எட்டிப் பிடித்து, அது உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கத் தொடங்கினார். எஸ்தர் கையுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினாள். "கையில புண்ணும்மா" என்று அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொன்னால் என்ன புண், எத்தனை நாளாக, என்ன மாத்திரை என்று கேள்வி நீண்டு நீ பிறந்த நாளில் போய் நிற்கும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு மஞ்சள் பூசினேன். இரண்டு கன்னம், இரண்டு கை. பிறகு பின்பக்கம் போய்க் குழாயடியில் கையுறையைக் கழற்றி வைத்தேன். எடுத்துக்கொண்டு வரவில்லை.

நலங்குக்கு வந்திருந்த பிள்ளைகளில் யாரோ வீடியோவை ஸ்டேட்டஸில் போட, அது இரண்டே நாளில் நம் தெருவுக்கு வந்துவிட்டது. இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பால் வாங்கப் போனேன். நம் தெருவில் ஒருத்தி, பெயர் வேண்டாம், என் தோளைத் தட்டி, "நல்லா பண்ணக்கா. தொடாமலே காரியத்த முடிச்சிட்ட. படிச்சவ படிச்சவதான்" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, பொங்கி வழியும்வரை அதன் முன்னால் நின்றேன். கையுறைக்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அன்று வாய் திறக்காமல் வந்ததற்கு எந்தத் தோல் வியாதியும் காரணம் இல்லை.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. நீ நாலாவது படிக்கும்போது உன் வகுப்பு நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாய். பாலாற்றங்கரைக் காலனிப் பையன். இரண்டு பேருக்கும் தாகம். உனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அவனுக்குக் காகிதக் கப்பில். ஏதோ விசேஷத்தில் மிஞ்சிய கப்புகள் அலமாரியில் இருந்தன. நீ இரண்டையும் பார்த்துவிட்டு, "எனக்கும் பேப்பர் கப்புலயே குடும்மா" என்றாய். பேப்பர் கப் பெரிய விஷயம் என்று நினைத்தாயோ என்னவோ. டம்ளர்கள் கழுவாமல் கிடந்தன என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், கழுவாத டம்ளர்கள் என் ஞாபகத்தில் இல்லை. கழுவிய டம்ளர்களும் இல்லை. கப் மட்டும் இருக்கிறது. சாதி பார்க்காதவள் என்று என்னைப் பற்றி நானே கொடுத்துக்கொண்ட சான்றிதழை நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. ஊர் சேலையை எல்லாம் சோதிக்கிறேன். ஆகவேதான் உன் கேள்விக்கு 'ஆமாம்' என்றும் சொல்ல முடியவில்லை, 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை. அன்று என் கையில் எவ்வளவு புண், எவ்வளவு பழக்கம் என்று பிரித்துச் சொல்ல ஒரு இயந்திரமும் கிடையாது.

மாசி மாதம் உன் அப்பாதான் என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கையைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறம் விளக்கடித்துப் பார்த்தாள். அங்கே வெள்ளையாக ஜரிகை வலை மாதிரி கோடுகள் இருந்தனவாம். லைக்கன் பிளானஸ் என்று பெயர் சொன்னாள். தொற்றாது. நான் நோட்டை எடுத்து நீட்டி, எதனால் வந்தது என்று கேட்டேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினாள். "உறுதியா சொல்ல முடியாதும்மா. அந்த வைரஸ் இருந்தவங்களுக்கு இது வரும். மாத்திரையாலயும் இருக்கலாம். வைரஸ் போனப்புறமும் இது கொஞ்ச நாள் நிக்கும், சில பேருக்கு அப்பதான் ஜாஸ்தியாவும். காரணம் தெரிஞ்சாதான் மருந்து போடுவேன்னு உக்காந்துக்கினு இருந்தீங்கன்னா தோல் காத்துக்கினு இருக்காது." பிறகு என் முன்கையில் நகம் இழுத்த ஒரு கோட்டைக் காட்டினாள். அந்தக் கோட்டின் மேலேயே புதிதாக நாலு தடிப்பு வரிசையாக முளைத்திருந்தன. "பாத்தீங்களா, சொறிஞ்ச எடத்துலயே வரும். நீங்களே விதைக்கறீங்க."

அவள் சொன்னபடி செய்கிறேன். களிம்பு மெல்லிசாக, தடிப்பின் மேல் மட்டும், சொன்ன நாள் வரைக்கும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத வெள்ளைக் களிம்பு பூசுகிறேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். அரிக்கும்போது ஈரத்துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு சும்மா இருக்கிறேன். நூறு எண்ணுவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. கல்லீரலுக்கு நல்லது என்று யார் பொடி கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறேன். புதிதாக வருவது குறைந்திருக்கிறது. பழையது கறுத்துத் தழும்பாக நிற்கிறது. போக ஒரு வருடம் ஆகலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்றாள். இன்றைக்கும் அரிக்கிறது. இந்தக் கடிதத்தின் நடுவில் மூன்று முறை எழுந்து போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இப்போது எனக்குக் குறைவு. ஆனாலும் தாய் எழுதும் கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும் அல்லவா. எஸ்தரிடம் எதையும் அவளுடைய நன்மைக்காக என்று சொல்லி மறைக்காதே. மறைத்த விஷயம் சின்னதாக இருக்கும். அதைச் சுற்றி நீ போட்டுக்கொள்ளும் கையுறைதான் அவள் கண்ணில் படும். அவள் கோபப்பட்டால் காரணத்தை நிரூபிக்கச் சொல்லி உட்கார்ந்திருக்காதே. உன் அப்பாவிடம் நான் அப்படி உட்கார்ந்து கழித்த வருடங்கள் உண்டு. அவர் தறியில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வேன். உன் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை உன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் இந்த ஐந்து மாதமும் இருந்தேன். விடை கிடைக்காமலே வருகிறேன். வெறும் கையோடு வருகிறேன்.

இனி வருவது நீ படித்த கடிதத்தில் இல்லை; ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து எழுதியது. கடிதத்தை வாங்கிக்கொண்டு நீ வெளியே போய் அப்பாவின் வண்டிமேல் உட்கார்ந்துவிட்டாய். நீ படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. எஸ்தர் சொல்லியிருப்பாளா என்றும் தெரியவில்லை.

எஸ்தரின் அம்மா எனக்கென்று தனியாக வத்தக்குழம்பு வைத்திருந்தார். பிசைந்தேன். புளியும் காரமும் விரலிடுக்கில் இறங்கியது. நிறுத்தாமல் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கை எரியுதா ஆன்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் சாப்பிட்டுக்கினே இருக்கீங்க?" "ஸ்பூன் கேட்டா தப்பா நெனப்பீங்களோன்னு." அவள் எழுந்து போய் இரண்டு ஸ்பூன் கொண்டுவந்தாள். ஒன்றை என் தட்டில் போட்டாள். இன்னொன்றால் அவள் சாப்பிட்டாள். அவளுடைய அம்மா, "இன்னாடி புதுசா?" என்றதற்கு, "கம்பெனியில ஸ்பூன்தாம்மா, பழகிப்போச்சு" என்றாள். பொய்.

கை கழுவும் இடத்தில் அவளிடம் சொன்னேன். "கையில தோல் வியாதி. நலங்கன்னிக்கே இருந்துது. சொல்லியிருக்கணும்." அவள் என் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்புகள் மேல் விரலை வைக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் பிடித்திருந்தாள். "அதுக்காகத்தானா?" என்று கேட்டாள். உன் கேள்விதான், அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அதுக்காகவும்" என்றேன். "மத்தது எனக்கே தெரியல." அவள் மணிக்கட்டை விட்டாள். கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. உள்ளே போனாள். திரும்பி வருவாளா என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.

அவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே என் கையுறை, துவைத்து மடித்திருந்தது. "கம்பெனியில நானும் நாள் பூரா க்ளவுஸ்தான் ஆன்ட்டி. பார்ட்ஸ் தொடறதுக்கு. மனுஷங்களத் தொட கழட்டிடுவோம்." நான் தலையாட்டினேன். "தூக்கிப் போட்டுடலாம்னுதான் இருந்தேன். அம்மாதான் வெச்சிக்கினு இருந்துது, உங்களுதுன்னு. மூணு வாட்டி சோப்பு போட்டோம். கறை போவல, செவப்பாவே ஆயிடிச்சி." சோப்புக் காரத்துக்கு மஞ்சள் சிவக்கும் என்றேன். தேய்க்கத் தேய்க்கப் போகாது, நனைத்து வெயிலில் போட்டால்தான் வெளுக்கும் என்றேன். ஐந்து மாதத்தில் அவளிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு மஞ்சளின் வேதியியல். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பையை என்னிடம் கொடுக்காமல் குழாயைத் திறந்து கையுறையை நனைத்தாள். "அப்ப எடுத்துக்கினு போவாதீங்க. இங்கயே காயட்டும். வர்ற ஞாயித்துக்கெழம வந்து பாருங்க, போச்சா இல்லையான்னு."

நீ அப்போதுதான் உள்ளே வந்தாய். கண் சிவந்திருந்தது. "பேப்பர் கப் எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாய். பிறகு, "நாளைக்கே டெஸ்ட் எடுக்கறேன்" என்றாய். என் பக்கத்தில் உட்கார்ந்தாய். முன்கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று உன் கை ஒருமுறை வந்து நின்றதை நான் பார்த்தேன். வலிக்காது, பிடி என்று சொல்லத் தோன்றியது. சொன்னது, "சட்டையில பட்டன் போயிருக்குது, பாரு" என்பதுதான்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். அப்பா வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன். கையுறை இரண்டும் கொடியில் உன் சட்டைக்குப் பக்கத்தில், விரல்கள் கீழே பார்க்க, சொட்டிக்கொண்டிருந்தன. நல்ல வெயில் இருந்தது. ஆனால் ஒரு மணி நேர வெயிலில் எதுவும் போய்விடாது. கறை அப்படியேதான் இருந்தது.